கொடிக்குப் பக்கத்தில் நின்ற யோகமலர்

யோகமலருக்கு லேசில் அருவருப்பு வராது. ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம், ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடமாக வேலை செய்கிறவள். கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டுவது, பாம்பர்ஸ் மாற்றுவது, புண் துடைப்பது, வாந்தி அள்ளுவது எல்லாம் அவள் கைதான். புதிதாக வேலைக்கு வரும் பெட்டைகள் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். யோகமலர் ஒரு நாளும் ஓடியதில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, அதே கையால் மீன்குழம்பு வைத்து ருசித்துச் சாப்பிடுவாள். படுத்தால் நித்திரை உடனே வரும்.

அப்படிப்பட்ட மனுஷிக்கு வயிற்றைப் பிரட்டியது எங்கே தெரியுமா? கண்ணுக்கெட்டிய தூரத்துக்குப் புல்லை வெட்டிச் சீராக்கி, ஒரு கடதாசித் துண்டுகூடக் கிடக்காமல் துடைத்து வைத்திருக்கிற கோல்ஃப் மைதானத்தில்.

அவளை அங்கே கொண்டுபோய் விட்டவர் புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா. அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டிடத்தில், ஒரு அறைக்குள் நாலைந்து பெடியங்களோடு சுருண்டு படுத்தவர். நகருக்கு வடக்கே ஒரு பணக்காரக் கோல்ஃப் கிளப்பில், விளையாட வருகிறவர்கள் மைதானத்துக்குள் ஏறி ஓடுகிற வண்டில்களைக் கழுவும் வேலை கிடைத்தது. டொக்டர்மார், லோயர்மார் எல்லாம் வந்து இறங்கி, இவர் முகத்தைப் பாராமலே வண்டில் திறப்பைக் கையில் போட்டுவிட்டுப் போவார்களாம். "என்ர பிள்ளை ஒரு நாளைக்கு உதுக்குள்ள விளையாடும்" என்று அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டாராம். இந்தக் கதையை அவர் சொல்லாத கலியாணவீடு ஸ்காபரோவில் இல்லை. ஆசையில் பிழை ஒன்றும் இல்லை. கழுவினவனுக்கு ஏறி ஓடவேண்டும் என்ற எண்ணம் வரத்தானே செய்யும்? பிறகு அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ற் ஆனார், வாய் இருந்தபடியால் நன்றாக உழைத்தார், ரூஜில் புது வீடு வாங்கினார். ஆசை மட்டும் அப்படியே கிடந்தது. மகள் சாம்பவி பிறந்ததும் அதற்கு ஆள் கிடைத்தது.

சாம்பவிக்கு உண்மையிலேயே கை வந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சின்ன வயதிலேயே அவள் மட்டையை வீசினால் பந்து அடிபடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மழைநாளில்கூடக் கூப்பிடாமல் தானே போய்ப் பழகுவாள். யோகமலருக்கு விளையாட்டு விளங்காவிட்டாலும், அந்தச் சத்தம் கேட்கப் பிடிக்கும். மகள் பந்தை அடித்துவிட்டு அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது முகத்தில் வருகிற அமைதியும் பிடிக்கும். அந்த நாட்களில் வீட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் வீட்டுக்குள் ஒரு புதுச் சொல் வந்தது: ரெக்ரூட்டிங். அமெரிக்க யூனிவர்சிற்றிகளுக்குக் கோல்ஃப் அணி உண்டு, கோச்மார் உண்டு. கோச் ஒருத்தர் பிள்ளையை விரும்பி எடுத்தால் படிப்புச் செலவை யூனிவர்சிற்றியே பார்த்துக்கொள்ளும். ஆனால் கோச் தானாகத் தேடி வரமாட்டார். பிள்ளைதான் எழுதவேண்டும், வீடியோ அனுப்பவேண்டும், கோச்மார் வருகிற போட்டியாகப் பார்த்து விளையாடவேண்டும். இதையெல்லாம் சொல்லித்தர றொய்சன் என்று ஒருத்தன் கிடைத்தான். தானும் இரண்டு வருடம் அமெரிக்காவில் விளையாடிவிட்டு வந்தவன். இப்போது தாய் தகப்பன்மாருக்கு வழிகாட்டுவதுதான் தொழில்.

முதலில் வீடியோ. கோச்மார் பிள்ளை அடிக்கிற வீடியோ கேட்பார்கள் என்று றொய்சன் சொன்னதுதான் தாமதம், ஸ்ரீஸ்கந்தராசா நேரே போய், சாம்பவி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்குப் படம் எடுத்த வீடியோக்காரரையே பிடித்து வந்தார். அவரும் தொழிலில் குறை வைக்கவில்லை. ட்ரோன் பறந்தது. சாம்பவி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிச் சிரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. வயலின் அழுதது. பெயர் தங்க எழுத்தில் சுழன்று சுழன்று வந்து நின்றது. முழு வீடியோவிலும் பந்தை அடித்தது இரண்டே தரம். அந்தப் பந்தும் எங்கே போனதென்று கடவுளுக்கும் தெரியாது. அதை அமெரிக்காவில் கண்ட கண்ட கோச்மாருக்கெல்லாம் அனுப்பியும் விட்டார்கள். ஒருத்தரும் பதில் போடவில்லை. றொய்சன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அங்கிள், அவைக்குப் பொம்பிளை பாக்கத் தேவையில்லை. முன்னால நிண்டு ஒண்டு எடுங்கோ, பின்னால நிண்டு ஒண்டு எடுங்கோ. மியூசிக் வேண்டாம். பந்து போறது தெரிஞ்சாக் காணும்."

யோகமலர் அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது கடிதத்தோடு. கோச்மாருக்குப் பிள்ளை தன் கையால் எழுதுவதுபோல் ஒரு ஈமெயில் போகவேண்டும். அதைத் தகப்பனும் றொய்சனும் சேர்ந்து எழுதினார்கள். பிள்ளை வாசித்துக்கூடப் பார்க்காமல் தன் பெயரில் அனுப்பினாள். யோகமலர் ஒரு நாள் தற்செயலாக அதை வாசித்தாள். என்னுடைய தாய் குண்டு மழைக்குள் காட்டுவழியே நடந்து, இரவோடிரவாகப் படகேறிக் கடல் தாண்டித் தப்பியவர், அவருடைய துணிவுதான் எனக்கு மட்டை பிடிக்கக் கற்றுத்தந்தது என்று அதில் இருந்தது. யோகமலர் காட்டு வழியே நடக்கவில்லை. படகும் ஏறவில்லை. கலியாணம் பேசி, கொழும்பில் அறை எடுத்து நின்று, விசா வந்ததும் பிளேனில் வந்து இறங்கியவள். பிளேனில் தந்த சாப்பாட்டைக்கூட அவள் மிச்சம் விடவில்லை. குண்டுக்குள் நடந்தது அவளுடைய சித்தியின் மகள். நடந்து முடிந்தபோது அவளுக்கு ஒரு பிள்ளை குறைவு.

"உதை அழியுங்கோ" என்றாள் யோகமலர்.

"ஏன் அழிக்கவேணும்? எங்கட சனத்தின்ர கதைதானே? ஆர் நடந்தா என்ன?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செத்த பிள்ளை ஒன்றைத் தூக்கிப் புல்வெளியில் காட்சிக்கு வைத்ததாகத்தான் அவளுக்குப் பட்டது. ஈமெயிலை யாரும் அழிக்கவில்லை. அதற்குத்தான் முதன்முதலாகப் பதில்களும் வந்தன.

போட்டிகளுக்குக் கூடப் போகத் தொடங்கிய பிறகு, மற்றப் பெற்றோரையும் அவள் பார்த்தாள். நல்ல உடுப்பு, நல்ல தொப்பி, நல்ல சிரிப்பு. ஆனால் இன்னொருத்தரின் பிள்ளை அடித்த பந்து தண்ணீருக்குள் விழுந்தால் அந்த முகங்களில் ஒரு வெளிச்சம் வரும். வாய் "அச்சச்சோ" என்று சொல்லும். கண் கணக்குப் போடும். ஒரு தாய் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இருந்த மகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு கண்ணாடியை இறக்கி யோகமலருக்குக் காலை வணக்கம் சொன்னாள். முதியோர் இல்லத்தில் மலம்கூட இவ்வளவு நாறாது என்று யோகமலர் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மற்றவர்களைச் சொல்லி என்ன? தன் வீட்டு நாற்றம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கோல்ஃபில் ஒரு விதி உண்டு. விளையாடுகிற பிள்ளைக்கு வெளியே நிற்பவர் ஆலோசனை சொல்லக்கூடாது. எந்த மட்டை எடு, எந்தப் பக்கம் அடி என்று தகப்பன் சொல்ல, பிள்ளை அதைத் தடுக்காமல் கேட்டு விளையாடினால் தண்டனை பிள்ளைக்குத்தான். பெற்றோர் ஓரப் பாதையால் தள்ளி நடக்கலாம், கைதட்டலாம், வாயைப் பொத்திக்கொண்டிருக்கலாம். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வாயைப் பொத்தத் தெரியாது. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காதில் வயரில்லாத ஹெட்ஃபோனைச் செருகிக்கொண்டு, ஆரோடோ வியாபாரம் கதைப்பதுபோல் தமிழில் கதைத்துக்கொண்டே நடப்பார். மகள் பந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார்.

"ஓம் ஓம், ஏழு காணும். எட்டுக் கட்டையாப் போகும். இடப்பக்கத்தாலதான் காத்து. இடது கரையைப் பாத்து விடச் சொல்லுங்கோ."

ஏழாம் நம்பர் மட்டை போதும், எட்டாம் நம்பரால் அடித்தால் பந்து குழியில் நட்ட கொடிவரை போகாது என்று அர்த்தம். வெள்ளைக்காரருக்கும் சீனருக்கும் கொரியருக்கும் நடுவில் இது ஆருக்கு விளங்கப்போகிறது? ஒரு மனுஷன் போனில் சத்தம் போட்டுக் கதைக்கிறான், மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

போனின் மறுபக்கத்தில் உண்மையிலேயே ஒரு ஆள் இருந்தது. அது யோகமலர்.

"நீர் முன்னால போய்க் கொடிக்குக் கிட்ட நில்லும்" என்று அவர் சொல்லிவைத்திருந்தார். "முந்திப் போன பிள்ளையளின்ர பந்து விழுந்து நிண்டதோ, உருண்டதோ எண்டு பாரும். மேல காத்து எந்தப் பக்கம் எண்டும் பாரும். எனக்குச் சொன்னாக் காணும்."

முதல் தரம் அவள் சொன்னபோது அது பிழை என்றே அவளுக்குத் தெரியாது. விதி தெரிந்த பிறகும் சொன்னாள். மகளுக்கு இது பிடிக்கவில்லை, தகப்பனுக்குப் பயந்து வாய் திறக்காமல் நிற்கிறாள் என்று யோகமலர் நம்பினாள். ஒவ்வொரு முறையும் தகப்பன் குரல் உயர்த்தும்போது சாம்பவி நிலத்தைப் பார்ப்பாள். அது வெட்கம் என்றுதான் தாய் எடுத்துக்கொண்டாள். அமெரிக்காவுக்குப் போய்விட்டால் பிள்ளை இந்த மனுஷனின் பிடியிலிருந்து தப்பிவிடும், பிறகு நேர்மையாக விளையாடுவாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தச் சமாதானத்தில்தான் ஒரு கோடை முழுவதும் கொடிகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அந்தக் கோடையின் கடைசிப் பெரிய போட்டி ஜூலைக் கடைசியில் வந்தது. நகருக்கு வெளியே, இரண்டு நாள். ஈமெயிலுக்குப் பதில் போட்டவர்களில் ஒரு கோச், ஸ்டெபனி என்கிற பெண், இரண்டாம் நாள் நேரில் வந்து பார்ப்பதாக எழுதியிருந்தாள். அவளுடைய அணியில் ஒரேயொரு இடம் மிச்சம். இரண்டு மூன்று பிள்ளைகளை மனதில் வைத்திருக்கிறாளாம். சாம்பவி நன்றாக விளையாடினால் இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் இன்னொருத்திக்கு. ரூஜ் வீட்டில் அந்தக் கிழமை முழுவதும் ஒருத்தரும் சத்தமாக மூச்சுக்கூட விடவில்லை.

முதல் நாள் சாம்பவியோடு சேர்ந்து விளையாடியவள் ஷிவானி என்ற பிள்ளை. தகப்பனுக்கு மிசிசாகாவில் கம்ப்யூட்டர் வேலை, பெயர் துரை என்பது பிறகுதான் தெரிந்தது. தகப்பனும் மகளும் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே கதைத்தார்கள். "உவை வடக்கத்தியார்" என்று ஸ்ரீஸ்கந்தராசா முடிவு கட்டிவிட்டார். அன்றைக்குத் தமிழ் தாராளமாக ஓடியது. ஏழு காணும், ஆறு எடு, மெதுவாகத் தட்டு, கொடிக்குப் பின்னால் பள்ளம். சாம்பவி அழகாக விளையாடி முடித்தாள். அடிக் கணக்கில் ஷிவானியும் அவளுக்குக் கிட்டக்கிட்ட வந்துவிட்டாள். அடுத்த நாளும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விளையாடவேண்டும் என்று ஆனது.

மாலையில் யோகமலர் தண்ணீர் வாங்கப் போன இடத்தில் துரை பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, நீங்க சிலோன் பக்கமா? நாங்க கோயமுத்தூருங்க."

யோகமலருக்கு அப்போதுதான் விளங்கியது, இவர்களும் தமிழர். எல்லாம் கேட்டிருக்கிறது. காலையிலிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. முகம் எரிந்தது. ஆனால் அந்த எரிவுக்குக் கீழே, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நிம்மதி இருந்தது. இனி இந்த மனுஷன் போய்ச் சொல்லிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும்.

"தம்பி, எங்களை மன்னிக்கவேணும்" என்று தொடங்கினாள்.

"ஐயோ, எதுக்குக்கா மன்னிப்பெல்லாம்? நாம எல்லாம் தமிழங்கதானே. நான் போய்ச் சொல்லுவனா?" துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல பல்வரிசை. "ஒரே ஒரு சின்ன உதவிங்க. நாளைக்கு சார் கொஞ்சம் சத்தமாப் பேசினார்னா நல்லாருக்கும். ஷிவானிக்குத் தமிழ் நல்லாப் புரியும், பேசத்தான் மாட்டா. இன்னிக்குப் பாதிதான் காதுல விழுந்துதுன்னு சொன்னா."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு கத்தரிக் கன்று கேட்பது போலக் கேட்டுவிட்டு, தண்ணீருக்கும் தானே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

காரில் வரும்போதே அவள் சொன்னாள், இனிப் போதும், இதை நிற்பாட்டவேண்டும் என்று. துரை கேட்டதையும் சொன்னாள். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முதலில் வியர்த்தது. முழுவதையும் கேட்டதும் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீரே, ஆள் எங்கட ஆள்தான்! இனிப் பயமில்லை. ஆனா அவன்ர பெட்டைக்குக் கேக்கிற மாதிரிச் சொல்ல நான் என்ன விசரனோ? மெதுவாத்தான் சொல்லுவன்."

வீட்டுக்கு வந்ததும் யோகமலர் மகளின் அறைக்குப் போனாள். சாம்பவி கட்டிலில் இருந்து மட்டைப் பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உனக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லு. நான் அப்பாவோட கதைக்கிறன்."

"அம்மா, நாளைக்கு மட்டும்தானே. ப்ளீஸ்" என்றாள் சாம்பவி, தலையை நிமிர்த்தாமல்.

நாளைக்கு மட்டும் பொறுத்துக்கொள்கிறேன் என்று பிள்ளை சொல்வதாகவே தாய்க்குக் கேட்டது. பெற்ற வயிறு தனக்கு வேண்டியபடிதான் கேட்கும்.

இரண்டாம் நாள் ஸ்டெபனி வந்தாள். வெயிலில் சிவந்த முகம், அதிகம் பேச்சில்லை, கையைக் கட்டிக்கொண்டு ஓரப் பாதையால் நடந்தாள். பாதித் தூரம்வரை யோகமலர் வழக்கம்போலக் கொடிகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். துரை பத்தடி தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். ஸ்ரீஸ்கந்தராசா குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, துரை கிட்டக் கிட்ட வந்தார். இரண்டு வளர்ந்த மனுஷர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்மார், ஒருத்தர் வாயை மற்றவர் மோப்பம் பிடித்துக்கொண்டு புல்லோரமாக நடப்பதை அவள் கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்போதுதான் உண்மையிலேயே குமட்டியது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகு ஸ்ரீஸ்கந்தராசா குருடன்போல் ஆகிவிட்டார். "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கத்தினார். பிறகு தன் பாட்டுக்கு ஒரு ஊகத்தில் "ஆறு எடு" என்றார். சாம்பவி ஆறை எடுத்தாள். பந்து கொடிக்கு மேலால் பறந்து பின்னாலிருந்த பற்றைக்குள் போனது. போகட்டும், என்று யோகமலர் நினைத்தாள். இனி அடிப்பது பிள்ளை தானாக அடிப்பது. இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கை சுத்தமாக வீட்டுக்குப் போகலாம்.

சாம்பவி பந்தைத் தேடிக்கொண்டு பற்றைப் பக்கமாக வந்தாள். தாய் நின்ற இடத்துக்கு நேரே வந்து நின்றாள். யோகமலர் அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. புருவத்தை நெரித்து, ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். என்ன செய்கிறீர்கள், காதில் போடுங்கள், என்று. கோபமான, அவசரமான முகம். கீழே நிலத்தைப் பார்க்கவேயில்லை.

இவ்வளவு காலமும் வெட்கம் என்று நினைத்தது வெட்கமே அல்ல. பிள்ளை காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். யோகமலர் கணவனை அருவருத்தாள், துரையை அருவருத்தாள், அந்தப் பெற்றோர் கூட்டம் முழுவதையும் அருவருத்தாள். மகள் ஒருத்தியைத்தான் ஒதுக்கி, பொத்தி வைத்திருந்தாள். இப்போது ஒதுக்கி வைக்க ஒருத்தரும் மிச்சம் இல்லை. இந்தக் கோடை முழுவதும் மகளின் காதுக்குச் சொற்களை அனுப்பிக்கொண்டிருந்தது தானும்தானே என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது.

சாம்பவி கெட்டிக்காரி. மிச்சத்தை ஒருவாறு சமாளித்து முடித்துவிட்டாள். விளையாட்டு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு கூடாரத்துக்குள் போய், நடுவருக்கு முன்னால் அடிகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தால் அதுதான் முடிவு. யோகமலர் அந்தக் கூடாரத்தை நோக்கி நடந்தாள். பிள்ளை கையெழுத்து வைப்பதற்கு முன்னால் நிறுத்தவேண்டும். இன்றைக்கு நிறுத்தாவிட்டால் இவள் வாழ்நாளெல்லாம் இப்படித்தான் கையெழுத்து வைப்பாள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் இல்லை. ஸ்ரீஸ்கந்தராசா பின்னால் ஓடிவந்தார். துரையும் வந்தார். ஸ்டெபனி ஏற்கெனவே கூடார வாசலில் நின்றாள்.

நடுவர் வெள்ளைத் தொப்பி போட்ட வயதான மனுஷன். யோகமலர் அவருக்கு முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். எத்தனையோ வருடம் டொக்டர்மாரோடும், சாகக் கிடக்கிறவர்களின் பிள்ளைகளோடும் கதைத்த அதே ஆங்கிலம். நானும் என் கணவரும் இவளுக்கு எந்த மட்டை எடுக்கவேண்டும் என்று சொன்னோம், போனில், எங்கள் மொழியில், நேற்றும் இன்றும், என்றாள். ஒரு சொல்லும் தடக்கவில்லை.

நடுவர் பேனையைக் கீழே வைத்தார். தான் எதையும் கேட்கவில்லையே என்றார். பக்கத்தில் நின்ற துரையைப் பார்த்தார். யோகமலரும் பார்த்தாள்.

"தம்பி, நீங்கள் கேட்டனீங்கள்தானே? சொல்லுங்கோ."

துரை தோளைக் குலுக்கினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க்கா" என்றார் தமிழில். அதையே நடுவருக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். ஷிவானி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவர் சாம்பவியிடம் திரும்பினார். உனக்கு யாராவது ஆலோசனை சொன்னார்களா என்று மென்மையாகக் கேட்டார். சாம்பவி தாயின் முகத்தைப் பார்த்தாள். நேராக, கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு நடுவரிடம் சொன்னாள்:

"இல்லை. என்னுடைய அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. விதி எல்லாம் அவருக்குக் குழம்பிப்போச்சு. மன்னிக்கவேணும்."

நல்ல சுத்தமான ஆங்கிலம். இந்த நாட்டிலேயே பிறந்தவளின் ஆங்கிலம். நடுவரின் முகம் உடனே இளகியது. பரவாயில்லை அம்மா, எல்லாத் தாய்மாருக்கும் பதற்றம்தான் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஸ்ரீஸ்கந்தராசா கடகடவென்று சிரித்துத் தலையை ஆட்டினார். ஸ்டெபனி கிட்ட வந்து யோகமலரின் தோளைத் தொட்டு, காடும் கடலும் தாண்டி வந்தவரல்லவா நீங்கள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். சாம்பவி கையெழுத்து வைத்தாள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு முன் சீற்றிலிருந்து சாம்பவி திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கு வேற வழி இல்லை அம்மா. கோச் அங்கையே நிண்டவா. நீங்கள் என்னைப் பற்றி யோசிச்சனீங்களா?"

"உன்னைப் பற்றித்தான் யோசிச்சனான்."

"இல்லை. நீங்கள் உங்களைப் பற்றித்தான் யோசிச்சனீங்கள். உங்களுக்குக் கிளீனா ஃபீல் பண்ணவேணும். அதுக்கு என்ர லைஃபோ?"

அதில் கால்வாசியாவது உண்மை என்று யோகமலருக்குத் தெரிந்தது.

இடம் கிடைத்தது. ஆவணியில் மார்க்கம் வீதியில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள். வாசலில் சாம்பவியின் ஆளுயரப் படம். உள்ளே மட்டை வடிவத்தில் கேக். ஸ்ரீஸ்கந்தராசா மைக்கைப் பிடித்து வண்டில் கழுவிய கதையைத் தொடங்கி, கண் கலங்கி, நேர்மையும் உழைப்பும் இருந்தால் தமிழனை ஒருத்தராலும் மடக்க முடியாது என்று முடித்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அதே வீடியோக்காரர் கமெராவோடு வந்திருந்தார். சாம்பவி ஒரு துண்டுக் கேக்கை எடுத்துத் தாய்க்கு ஊட்டினாள். கமெரா பார்த்துக்கொண்டிருந்ததால் யோகமலர் வாயைத் திறந்தாள்.

பிறகு ஒரு மூலை மேசையில் போய்த் தனியே இருந்தாள். நிரோஷினி அங்கே வந்து பக்கத்தில் இருந்தாள். அவளும் ரூஜ்தான், இரண்டு தெரு தள்ளி வீடு. மகளை அந்த வருடம்தான் கோல்ஃப் பழகவிட்டிருக்கிறாள்.

"அக்கா, பெருமையா இருக்கு. எப்பிடியக்கா சாம்பவியை இப்பிடி வளர்த்தனீங்கள்? என்ன செய்தனீங்கள்?"

யோகமலர் அவளைப் பார்த்தாள். சின்னப் பெட்டை, நல்ல முகம், கண்ணில் சூதுவாது ஒன்றும் இல்லை. இவளுக்காவது உண்மையைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"கள்ளம் செய்தனாங்கள்" என்றாள். "நானும் அவரும் பிள்ளையும், மூண்டு பேரும் சேந்து கள்ளம் செய்தனாங்கள். பிடிபடேல்லை. அவ்வளவுதான்."

நிரோஷினி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். யோகமலர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் நிரோஷினியின் சிரிப்பு மெல்ல நின்றது. சுற்றிவரப் பார்த்தாள். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, யோகமலரின் முழங்காலில் கையை வைத்தாள்.

"எப்பிடியக்கா செய்தனீங்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "விளக்கமாச் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."